கோப்பில் இல்லாத செய்தி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான், மாமா, அம்மா மூவரும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளையும் சுகந்தானே. அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுவது தொடர்கிறது. ஆள் தெரிகிறது, எழுத்து தெரியவில்லை. நீ எழுதும் கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும், அதை மனதில் வைத்துக்கொண்டு எழுது.

நீ சொன்னபடி இந்த விஷயத்தைக் கடிதத்தில்தான் எழுதுகிறேன். அன்றைக்குப் போனில் பேச்சை எடுத்ததுமே குரலைத் தாழ்த்தி, "போனும் அவங்களோடது, மெயிலும் அவங்களோடது. தபால்காரர் ஒருத்தர்தான் பாக்கி அக்கா" என்றாயே, அதை மாமாவிடம் சொன்னேன். "நம்ம கடையும் அவங்களோடதுதானே" என்றார். சிரிக்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை.

நீ வேலை பார்க்கும் ஆணையத்திலிருந்து எனக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. அந்தக் கம்பெனியின் இணையச் சந்தையில் பொருள் விற்கும் சிறு வியாபாரிகளை விசாரிக்கிறார்களாம். வந்து வாக்குமூலம் தர முடியுமா என்று கேட்கிறார்கள். என் பாடு உனக்குத் தெரியும். முதுகுவலிப் பட்டை தைத்து அந்த ஒரு சந்தையில்தான் விற்கிறேன். வேறு சந்தை என்று ஒன்றை அது விட்டுவைத்திருந்தால்தானே. முதலில் நன்றாகத்தான் போயிற்று. பிறகு கம்பெனி தன் பெயரிலேயே ஒரு பட்டையைக் கொண்டுவந்தது. அதே வெட்டு, அதே தையல், பாதி விலை. இப்போது யார் தேடினாலும் அதுதான் முதலில் வருகிறது. என்னுடையது எந்தப் பக்கத்தில் கிடக்கிறது என்று என்னாலேயே கண்டுபிடிக்க முடிவதில்லை. ஒன்பது மிஷின் ஓடிய ஷெட்டில் நாலு ஓடுகிறது.

உங்கள் ஆபீஸில் அந்தக் கம்பெனிக்குப் 'பெரிய வீடு' என்று பெயர் வைத்திருக்கிறீர்கள் என்றாய். பொருத்தமான பெயர். அப்படிப் பார்த்தால் நாங்கள் எல்லாம் சின்ன வீடு. தேவைப்பட்டால் வாசல் வரை வரும். நாலு பேர் முன்னால் பார்த்தால் யார் என்றே தெரியாது.

போகலாமா? இருக்கிற நாலு மிஷினும் அதன் தயவில்தான் ஓடுகின்றன. எனக்குப் பயமாக இருக்கிறது, அதை மறைக்கவில்லை.

உன் அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

கடிதம் வந்தது. இங்கே எல்லோரும் சுகம். பிள்ளைக்குச் சளி, மருந்து கொடுத்திருக்கிறோம். அம்மாவை வெயிலில் போக விடாதே.

நீ கட்டாயம் போக வேண்டும். இந்த அழைப்பு உனக்கு வர வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன். எத்தனையோ புள்ளிவிவரம் சேர்த்துவிட்டோம். ஆனால் பாதிக்கப்பட்டவர்கள் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்து சொன்னால்தான் வழக்கு வழக்காக நிற்கும். அந்தப் பக்கத்திலிருந்து விசாரணைக்கு வரும் வக்கீல்களுக்கு நாற்காலி போதாமல் பக்கத்து அறையிலிருந்து இரவல் வாங்கிப் போடுகிறோம். எங்கள் பக்கம் ஒரு மூத்த அதிகாரி, நான், பாதிக் காகிதத்தில் நின்றுவிடும் ஒரு பிரிண்டர். அவ்வளவுதான் அரசாங்கம்.

நீ என் உடன்பிறந்தவள் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அதனால் வியாபாரிகளின் வாக்குமூலம் என் மேசைக்கு வராது, வேறு பிரிவு பார்க்கும். முறைப்படிதான் எல்லாம் நடக்கிறது. அறிக்கையில் உனக்குப் பெயர் கிடையாது, ஓர் எண் மட்டும். உன் பெயர் வெளியே வராது. அதற்கு நான் பொறுப்பு.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். பயப்படாதே.

தம்பி


மார்ச் 22

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமே நாடுகிறேன். பிள்ளையின் சளி விட்டதா?

போய்விட்டு வந்தேன். மாமா வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார். உள்ளே நீளமான மேசை, தண்ணீர் ஜாடி, என் பேச்சைப் பதிவு செய்ய ஒரு சின்னக் கருவி. விசாரித்த அதிகாரி என் வயதுப் பெண். நான் ஒரு பட்டையைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்து, "உட்காரும்போது இது மடங்காதா?" என்று கேட்டார். மடங்காது, அதுதான் இதன் விசேஷம் என்றேன். கம்பெனியின் பட்டையையும் மேசையில் வைத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தையலை விரலால் தடவிப் பார்த்தார். வெளியே வரும்போது நெஞ்சில் இருந்த கல் இறங்கின மாதிரி இருந்தது. நீ சொன்னதைக் கேட்டது நல்லதாய்ப் போயிற்று.

ஒன்றை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள். கம்பெனி தன் பட்டையைக் கொண்டுவருவதற்கு முன்னால், அவர்களுடைய வட்டார மேலாளர் நம் ஷெட்டுக்கு வந்திருந்தார். என்னைப் 'பார்ட்னர்' என்று கூப்பிட்டார். சட்டைக்கு மேலேயே பட்டையைக் கட்டிப் பார்த்து, தன் அம்மாவுக்கும் முதுகுவலி என்றார். இது ஏன் மடங்குவதில்லை என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேட்டர்ன் அட்டையை மேசையில் விரித்து, எந்த இடத்தில் துணியைச் சாய்த்து வெட்டுகிறேன், எங்கே இரட்டைத் தையல் போடுகிறேன் என்று பாடம் நடத்தினேன். "இத எங்க குவாலிட்டி ஆளுங்ககிட்ட காட்டினா உங்கள முதல் பக்கத்துல போட்டுடுவாங்க" என்றார். நானே அதே அளவில் இன்னொரு அட்டை வெட்டி, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தேன். மாமா அன்றைக்குத் துணி எடுக்கப் போயிருந்தார். அவருக்கு இன்றுவரை தெரியாது. 'நம்முடையதைத் திருடிவிட்டார்கள்' என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், நான் ஆமாம் போடுகிறேன்.

அந்த அதிகாரி அம்மாள் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தப் பத்தியை அம்மாவுக்கு வாசிக்கிற பேச்சே இல்லை, எழுதியவள் நானாயிற்றே.

உன் அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். பிள்ளை தேறிவிட்டான், பள்ளிக்கூடம் போகிறான். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ வாக்குமூலம் கொடுத்ததைப் பற்றி ஆபீஸில் நல்லபடியாகப் பேசிக்கொண்டார்கள் என்று காதில் விழுந்தது. அறிக்கையின் சுருக்கத்தைச் சரிபார்க்கச் சொல்லிப் புகார் தந்த எல்லா வியாபாரிகளுக்கும் அனுப்பியிருக்கிறார்கள். உனக்கும் வந்திருக்கும். அதை யாரிடமும் காட்டக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருப்பார்கள், ஜாக்கிரதை.

ஆனால் எனக்கு நம்பிக்கை போய்க்கொண்டிருக்கிறது. அறிக்கை ஆணையத் தலைவரின் மேசைக்குப் போனது போனதுதான். கேட்டால், "இன்னும் ஆழமா பாக்கணும்" என்கிறார். ஆழம் பார்க்கிறவர் கம்பெனிக்காரர்களோடு ஹோட்டலில் உட்கார்ந்து என்ன பார்க்கிறார் என்று தெரியவில்லை. ஓய்வு பெறப்போகிறவர், வம்பில்லாமல் வீட்டுக்குப் போக வேண்டும். இத்தனை பேருடைய உழைப்பும் ஒரு டிராயருக்குள் செத்துக் கிடக்கும்.

கல்லூரியில் என் அறைத்தோழன் ஒருவன் இருந்தான், உனக்கு ஞாபகம் இருக்கும், நம் வீட்டுக்குக்கூட வந்திருக்கிறான். இப்போது பெரிய பத்திரிகையில் நிருபர். நீண்ட நாளைக்குப் பிறகு சந்தித்தோம். நாட்டு நடப்பைப் பேசிக்கொண்டிருந்தோம். "கணக்கு எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க, ஒரு மனுஷங்க கதை வேணும்" என்று தன் தொழிலைப் பற்றிச் சொன்னான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

எப்படியும் நியாயம் வெளியே வராமல் போகாது. தைரியமாக இரு.

தம்பி


மே 12

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா நலம். நான் இருக்கிறேன்.

பேப்பர் பார்த்திருப்பாய். 'தானே கொடுத்த வடிவம், தன்னை விட்டுப் போன தொழில்' என்று முதல் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். அறிக்கையின் சுருக்கத்தில் இருந்ததெல்லாம் வந்திருக்கிறது. என் பெயர் இல்லைதான். முதுகுவலிப் பட்டை தைக்கும் ஒரு பெண்மணி என்று மட்டும். இந்த நாட்டில் அப்படி எத்தனை பெண்மணிகள் இருக்கிறார்கள்? காலையிலேயே எலாஸ்டிக் சப்ளை செய்கிறவர் போன் செய்து, "நீங்கதானாமே" என்றார். அடுத்த நாள் சந்தையில் என் கடையைத் திறந்தால், 'தரப் பரிசோதனை முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்று வருகிறது. ஏன் என்று கேட்க அங்கே மனிதர்கள் கிடையாது. கேள்வியை எழுதினால், உங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில் வருகிறது.

பேப்பரை மாமாதான் சத்தமாக வாசித்தார். முதலில் சந்தோஷமாகத்தான் வாசித்தார். மேலாளர் ஷெட்டுக்கு வந்தது, சட்டைக்கு மேலே பட்டையைக் கட்டிப் பார்த்தது, நான் அட்டையை வெட்டிச் சுருட்டிக் கொடுத்தது, எல்லாம் இருந்தது. ரப்பர் பேண்ட் உட்பட. அந்த இடத்தில் நிறுத்தினார். "இது நிஜமா?" என்று கேட்டார். நிஜம் என்றேன். பேப்பரை நாலாக மடித்து மேசையில் வைத்துவிட்டுப் பார்சல் கட்டப் போனார். கட்ட வேண்டிய பார்சல் எதுவும் அன்றைக்கு இல்லை.

அந்த அதிகாரியிடம் நான் இதைச் சொல்லவில்லை என்று உனக்கு எழுதியிருந்தேன். நிருபருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

உன் அக்கா


ஜூன் 20

தம்பிக்கு,

எல்லோரும் நலம். உன்னிடமிருந்து பதில் இல்லை. தபாலில் ஏதாவது தவறிவிட்டதோ என்று இதை எழுதுகிறேன்.

கடை இன்னும் மூடித்தான் இருக்கிறது. தையல்காரிகளை நிறுத்திவிட்டேன். ஆரம்பத்திலிருந்து இருந்தவள், துணி ஓரம் அடிக்கும் மிஷினை ஓட்டுவதால் நாங்கள் 'ஓவர்லாக்' என்று கூப்பிடுகிறவள், போகும்போது தன் கத்தரிக்கோலை மட்டும் எடுத்துக்கொண்டு, "திறந்தா கூப்பிடுங்க" என்றாள். மிஷின்களுக்கு ஆள் வந்து விலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

நான் வீட்டில் இல்லாத நேரத்தில் நீ போன் செய்து அம்மாவிடம் பேசினாயாம். நான் நலமா என்று விசாரித்தாய் என்று அம்மா சொன்னாள். நலந்தான்.

அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் சுகம். உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. வேலை தலைக்கு மேல் இருந்ததால் உடனே எழுத முடியவில்லை. மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாதே.

உன் கடை மூடியதைக் கேட்டு வேதனைப்பட்டேன். ஆனால் ஒன்றை யோசித்துப் பார். அந்தச் செய்தி வந்ததால்தான் நாடு முழுக்க இதைப் பேசுகிறது. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்டார்கள். தலைவர் டிராயரைத் திறந்தாக வேண்டியதாயிற்று. இல்லையென்றால் அந்த அறிக்கை வெளிச்சத்தையே பார்த்திருக்காது. பெரிய காரியங்களில் சிலருக்கு முதலில் அடி விழத்தான் செய்கிறது. அது உனக்கு விழுந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

செய்தி எப்படிக் கசிந்தது என்பது ஒரு பெரிய மர்மமாக இருக்கிறது. சுருக்கம் எத்தனையோ வியாபாரிகளிடம் போயிருக்கிறது. அவர்களுடைய வக்கீல்கள், குமாஸ்தாக்கள் என்று பல கை. யாரையும் குறிப்பாகச் சொல்வதற்கில்லை. கம்பெனி இதையே பிடித்துக்கொண்டு, விசாரணை நேர்மையாக நடக்கவில்லை என்று நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறது. அந்த வேலையில்தான் மூழ்கியிருக்கிறேன்.

அம்மாவுக்குக் கண் டாக்டரை மாற்றிப் பார்க்கலாமே. மாமா கோபமாக இருக்கிறாரா?

தம்பி


ஜூலை 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம். மாமா கோபமாக இல்லை. என்னோடு பேசுகிறார். அந்த அட்டையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை.

கம்பெனியின் வக்கீல்களிடமிருந்து கடிதம் வந்தது. பேப்பரில் வந்ததை அப்படியே வெட்டி ஒட்டி, வடிவத்தை நானே மனமுவந்து கொடுத்ததாக நானே சொல்லியிருப்பதால் அவர்கள் காப்பியடித்தார்கள் என்று இனி நான் எங்கும் பேசக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டினேன். "இது வெளிய வராம இருந்திருந்தா உங்க கேஸ் நல்ல கேஸ்ம்மா" என்றார்.

இன்னொரு விஷயம். அந்தக் கட்டுரையை எழுதிய நிருபர் போன வாரம் ஷெட்டுக்கு வந்தார். அடுத்த பாகம் எழுதுகிறாராம், மூடிக் கிடக்கும் மிஷின்களைப் படம் எடுக்க வேண்டுமாம். நல்ல மரியாதையான பிள்ளை. ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பழைய முகச்சாயல் கொஞ்சம் இருந்தது, ஆனால் எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. அந்த மேலாளர் விஷயம் யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "அதச் சொல்லக் கூடாதுக்கா, தொழில் தர்மம்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். படம் எடுக்கவும் விடவில்லை. காபி குடித்துவிட்டு, வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே சொன்னார்: "தம்பிய ரொம்பக் கேட்டேன்னு சொல்லுங்க."

எனக்குத் தம்பி இருக்கிறான் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. பிறகுதான் அந்தச் சாயல் பிடிபட்டது.

கேட்டதாகச் சொல்லச் சொன்னார், சொல்லிவிட்டேன்.

அக்கா


செப்டம்பர் 14

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தாங்கள் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே யாவரும் நலம்.

இரண்டு செய்திகள். ஒன்று, கம்பெனியும் ஆணையமும் சமரசத்துக்கு வரப்போகின்றன. கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொள்ளாது. ஆனால் உங்களுடையது போல மூடிவைத்த, புகார் கொடுத்த வியாபாரிகளின் கடைகளைத் திரும்பத் திறந்துவிடும், நஷ்ட ஈடும் தரும். ரகசியக் காப்பை மீறியவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. இரண்டு, செய்திக் கசிவு பற்றி விசாரிக்க நீதிமன்றம் மூன்று பேர் குழு ஒன்றைப் போட்டிருக்கிறது. உங்களையும் கூப்பிடுவார்கள். பத்திரிகையில் வந்த ஒரு பகுதி எந்தக் கோப்பிலும் இல்லாததால், அது உங்களிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று கேட்பார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை மட்டும் விளக்கிவிடுகிறேன். ஆணையத்துக்குள்ளிருந்து கசிந்தது என்று முடிவானால் சமரசமும் இருக்காது, வழக்கும் இருக்காது. எல்லா வியாபாரிகளுக்கும் ஒன்றுமில்லாமல் போகும். சம்பந்தப்பட்ட அதிகாரிக்கு வேலை போவதோடு நிற்காது, சிறைக்கும் போக நேரலாம். இது சட்ட நிலை. நான் பொதுவாகச் சொல்கிறேன்.

நீங்கள் உண்மையைச் சொன்னால் போதும். குடும்பத்துக்குள் பேசிக்கொள்வது எதுவும் இதில் சேராது என்பது என் கருத்து.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


செப்டம்பர் 23

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம்.

பிறந்ததிலிருந்து என்னை 'நீ' என்று கூப்பிட்டவன் இப்போது 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். அம்மாவுக்கு வாசிக்கும்போது நானே 'நீ' என்று மாற்றி வாசித்தேன். அவள் பயந்துவிடக் கூடாது என்று.

குழுவின் சம்மன் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் போதும் என்கிறாய். எது உண்மை என்று நீயே எழுதிவிடு. ஒரு வரி போதும். 'அக்கா, இப்படி ஆகிவிட்டது' என்று ஒரே ஒரு வரி எழுது. அதற்கு மேல் நான் உன்னை எதுவும் கேட்க மாட்டேன். வாய் விட்டுத் திட்டக்கூட மாட்டேன்.

அதற்காகத்தான் காத்திருக்கிறேன். சம்மனுக்கு அல்ல.

அக்கா


அக்டோபர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அலுவல் காரணமாக வெளியூர் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், நீண்ட கடிதம் எழுத நேரமில்லை. நீங்கள் எதற்கும் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ள வேண்டாம். கடவுள் விட்ட வழி. குழுவினர் மரியாதையானவர்கள். அம்மாவுக்குப் பழங்கள் வாங்கிக் கொடுக்கவும்.

விசாரணை முடிந்ததும் நேரில் வருகிறேன்.

தம்பி


நவம்பர் 17

தம்பிக்கு,

அம்மா நலம். மாமா நலம். உன் வீட்டிலும் எல்லோரும் நலமாக இருக்கட்டும்.

விசாரணை முடிந்து நாளாயிற்று, நீ வரவில்லை. அதனால் நடந்ததை நானே எழுதுகிறேன். உனக்கு மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள். என் வாயால் ஒரு முறை கேட்டுக்கொள்.

நடுவில் உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற நீதிபதி, வயதான அம்மாள். நிதானமாகப் பேசினார். ஒரு பக்கம் உங்கள் ஆணையத்தின் வக்கீல், இன்னொரு பக்கம் கம்பெனியின் வக்கீல்கள். மேலாளர் வந்த விஷயத்தை நான் யார் யாரிடம் சொன்னேன் என்று கேட்டார்கள். அப்போது கம்பெனி வக்கீல் எழுந்து, "உங்க தம்பி இந்த ஆணையத்துலதான வேலை பாக்குறார்? அவர்கிட்ட சொன்னீங்களா?" என்றார்.

நான் கேட்ட அந்த ஒரு வரி வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒருவேளை அப்போதும் இதையேதான் சொல்லியிருப்பேன். ஆனால் சொல்லும்போது வேறு மாதிரி இருந்திருக்கும்.

"அவனுக்கு என் தொழிலப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. நான் சொல்றதும் இல்ல, அவன் கேக்கறதும் இல்ல. நான்தான் நிருபர்கிட்ட சொன்னேன், அந்தச் சுருக்கத்தையும் நான்தான் காட்டினேன். கோவத்துல சொல்லிட்டேன்" என்றேன்.

நீதிபதி அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சு சொல்லுங்கம்மா. இப்படி எழுதிக்கிட்டா உங்களுக்குக் கிடைக்க வேண்டியது எதுவும் கிடைக்காது."

"யோசிச்சுட்டுத்தாங்க வந்தேன்."

கம்பெனி வக்கீலின் முகம் தொங்கிப்போயிற்று. ஆணையத்தில் ஒருவன் அகப்படுவான் என்று வந்தவர். உங்கள் வக்கீல் மட்டும் உடனே எழுதிக்கொண்டார். யார் சொன்னார்கள் என்று சொல்ல நிருபர் மறுத்துவிட்டாராம். நான் சொன்னது பொய் என்று சொல்லவும் இல்லையாம். தொழில் தர்மம் எனக்கும் ஒரு முறை உதவியது.

வெளியே வந்தபோது உன்னைப் பார்த்தேன். வெளியூரில் இல்லை நீ. வராந்தாவின் அந்தக் கோடியில், தண்ணீர் மிஷினுக்குப் பக்கத்தில், போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாய். பேசவில்லை, கேட்கவும் இல்லை, சும்மா வைத்திருந்தாய். நான் நின்றேன். மாமாவும் நின்றார். நீ தலையை இவ்வளவு அசைத்தாய், பஸ் ஸ்டாப்பில் தெரிந்தவர்களைப் பார்த்தால் அசைப்பது போல. பிறகு பக்கத்துக் கதவுக்குள் போய்விட்டாய். மாமா இத்தனை மாதத்தில் முதல்முறையாக அன்றைக்குத்தான் அந்தப் பேச்சை எடுத்தார். "நீ அட்டையக் கொடுத்தது பரவாயில்ல. அத வாங்கிட்டுப் போனவன் அந்நியன்" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

போன வாரம் பேப்பரில் படம் வந்தது. உங்கள் தலைவரும் கம்பெனி ஆளும் கை குலுக்குகிறார்கள், யார் மேலும் குற்றம் இல்லை. மற்ற வியாபாரிகளுக்குக் கடை திறந்தாயிற்று. அவர்களில் ஒருத்தி, குழந்தைகளுக்குக் கொசுவலை தைத்து விற்கிறவள், எனக்குப் போன் செய்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று எடுத்தேன். "உங்க வாய்க் கொழுப்பால எங்க எல்லாருக்கும் கடையே போக இருந்துச்சு" என்று ஆரம்பித்தாள். முடிக்கும்வரை கேட்டுக்கொண்டேன். உனக்குப் பதவி உயர்வு என்று அம்மா சொன்னாள், நீ போனில் சொன்னாயாம். சமரசத்தை மேற்பார்வை பார்க்கிற பிரிவாம். அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

உனக்காகத்தான் பொய் சொன்னேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பாதி அம்மாவுக்காக, பாதி அந்தக் கொசுவலைக்காரி மாதிரி ஆட்களுக்காக. உனக்கு என்று எடுத்துவைக்க அதில் மீதி இல்லை.

மிஷின்களை எல்லாம் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போகிறேன். ஊருக்கு வெளியே புதிதாகக் கட்டிய தையல் தொழிற்சாலை. பெரிய வீட்டுக்குத்தான் சரக்கு தைக்கிறார்கள். வெட்டும் மேசைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மேற்பார்வையாளர் இளவயசுப் பெண், நல்ல மாதிரி. பட்டையின் பேட்டர்னை மேசையில் விரித்து, சாய்த்து வெட்ட வேண்டிய இடத்தை விரலால் காட்டி, "இந்த எடம் கொஞ்சம் கஷ்டம். மொதல்ல எல்லாரும் தப்பு பண்ணுவாங்க. பழக ஒரு வாரம் ஆகும்" என்றாள்.

பழகிக்கொள்கிறேன் என்றேன்.

அக்கா